யூரிக் அமிலம்: குற்றவாளியா, சாட்சியா?

கெடா மாநிலத்தின் தென்கோடியில், பேராக், பினாங்கு ஆகிய இரு மாநிலங்களும் வந்து பொருந்தும் மூலையில் அமைந்திருப்பது பண்டார் பாரு மாவட்டம். கிரியான் ஆறு அதன் எல்லையாக ஓடுகின்றது. ஆற்றுக்கு அக்கரையில் பாரிட் புந்தார் நகரம், மேற்கே நிபோங் திபால், வடக்கே கூலிம். இரப்பர்க் காடுகளாக இருந்து பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களாக மாறிய நிலப்பரப்பு இது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் இங்குள்ள தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

இம்மக்களை வாட்டிய நோய்களின் பட்டியல் காலந்தோறும் மாறியே வந்துள்ளது. காடழித்துத் தோட்டம் கண்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சலும் கொக்கிப் புழுவும் வயிற்றுக்கடுப்பும் உயிர்களைக் கொள்ளை கொண்டன. தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸர் அளித்த கொயினாவே அன்று பெருமருந்து. அந்நோய்கள் பெரும்பாலும் அடங்கிவிட்ட பின்னர் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய மூன்றும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. டிரஸ்ஸரின் மருந்துப் புட்டிக்கு மாறாக இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது இரத்தப் பரிசோதனைத் தாள்.

அத்தாளில் சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் எனப் பல வரிகள் உண்டு. அவற்றுள் ஒரு வரி யூரிக் அமிலம். லிட்டருக்கு 420 மைக்ரோமோல் என்னும் அளவைத் தாண்டினால் ஆண்களுக்கு அது மிகுதி என்று பொதுவாகக் குறிக்கப்படும், பெண்களுக்கு 360. அவ்வரியின் அருகே ஒரு குறியைக் கண்டுவிட்டால் வீடே கலங்குகின்றது. 'யூரிக் அமிலம் கூடினால் சிறுநீரகம் கெட்டுவிடும்' என்று ஒருவர் சொல்ல, 'பருப்பை நிறுத்து, கீரையை நிறுத்து' என்று மற்றொருவர் சொல்ல, சாம்பார் அடுப்பைவிட்டு இறங்கிவிடுகின்றது. அதே தாளில், இரண்டு வரிகளுக்கு மேலே, சர்க்கரையின் அளவு அதைவிட மோசமாக இருப்பதை எவரும் கவனிப்பதில்லை.

யூரிக் அமிலம் மிகுவதால் சிறுநீரகம் பழுதாகின்றதா? சிறுநீரகம் பழுதாவதால் யூரிக் அமிலம் மிகுகின்றதா? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குத் தெளிந்த விடை காண மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றை அறிந்து கொள்வது, தாளில் உள்ள வரிகளுள் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை அறிந்து கொள்வதாகும்.

கல்லில் பிறந்த பெயர்

1776ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, மனிதரின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்கப்பட்ட கற்களை ஆராய்ந்தார். அவற்றுள் அதுவரை எவரும் அறியாத ஓர் அமிலம் இருப்பதைக் கண்டார். கல்லிலிருந்து கிடைத்தமையால் முதலில் அதற்குக் 'கல் அமிலம்' என்ற பொருளில் பெயர் வழங்கிற்று. பின்னர், அது சிறுநீரிலும் இயல்பாகவே உள்ளது என்பதைக் கருதிப் பிரெஞ்சு வேதியியலார் ஃபூர்க்ருவா இட்ட யூரிக் அமிலம் என்ற பெயரே நிலைத்தது. 1797இல் ஆங்கில அறிவியலார் வில்லியம் ஹைடு வொல்லாஸ்டன், 'கவுட்' என்னும் மூட்டுவாத நோயாளரின் மூட்டுகளில் திரளும் வெண்கட்டிகளும் இவ்வமிலத்தின் உப்பே என்று மெய்ப்பித்தார்.

இவ்வமிலம் உடலுக்குள் எங்கிருந்து வருகின்றது? உயிரணு ஒவ்வொன்றின் கருவிலும் பியூரின் என்னும் பொருள் உண்டு. பழைய உயிரணுக்கள் அழிந்து புதியவை தோன்றும்போது அப்பியூரின் சிதைந்து, இறுதியில் யூரிக் அமிலமாகின்றது. உண்ணும் உணவிலுள்ள பியூரினும் அவ்வாறே மாறுகின்றது. எனினும் பெரும்பகுதி உடலின் சொந்த ஆக்கமே. உணவின் பங்கு அதனினும் குறைவு. இவ்வாறு பிறக்கும் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் சிறுநீரகமும், எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன.

பெரும்பாலான பாலூட்டி விலங்குகளின் உடலில் இவ்வமிலத்தை மேலும் சிதைத்து எளிதில் கரையும் பொருளாக்கும் ஒரு நொதி உண்டு. மனிதனும் பெருங்குரங்குகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அந்நொதியை இழந்துவிட்டனர். ஆதலின் பிற விலங்குகளைவிட மனிதக் குருதியில் யூரிக் அமிலம் இயல்பிலேயே மிகுதி. அதனை வெளியேற்றும் பெரும்பொறுப்பும் சிறுநீரகத்தின் மேல் விழுந்தது. பின்னர் எழுந்த குழப்பங்கள் அனைத்திற்கும் வேர் இங்கேதான் உள்ளது. ஒரு கழிவை வெளியேற்றும் உறுப்பே நோயுற்றால், அக்கழிவு தேங்கத்தான் செய்யும். தேக்கம் நோயைத் தந்ததா, நோய் தேக்கத்தைத் தந்ததா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் எளிதில் பிரித்தறிய இயலாது.

நூலிழையில் படிந்த உண்மை

1827இல் இலண்டன் கய்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர், உடல் வீக்கமும் சிறுநீரில் புரதமும் காணப்படும் நோயாளரின் சிறுநீரகங்கள் பழுதுற்றிருப்பதை விரிவாக எடுத்துரைத்தார். நெடுங்காலம் சிறுநீரக நோய் 'பிரைட்டின் நோய்' என்றே அழைக்கப்பட்டது.

அதே நகரில் 1848இல் ஆல்ஃபிரடு பேரிங் கேரோடு என்னும் மருத்துவர் கவுட் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை வெளியிட்டார். 1854இல் அதைக் காண எளியதொரு வழியையும் கூறினார். குருதிநீரைத் தட்டையான கிண்ணத்தில் ஊற்றி, சிறிது புளிக்காடி அமிலம் கலந்து, அதில் ஒரு நூலிழையை இட்டு வைப்பார். அமிலம் மிகுந்திருந்தால் இரண்டொரு நாளில், பாகில் இட்ட நூலில் கற்கண்டு படிவது போல, அந்நூலில் பளிங்குத் துகள்கள் படிந்திருக்கும். உயிருள்ள மனிதனின் குருதியில் ஒரு வேதிப்பொருளை அளந்து நோயை அறிய முற்பட்ட தொடக்கச் சோதனைகளுள் இதுவும் ஒன்று.

கேரோடு கவுட் நோயாளரை மட்டும் சோதிக்கவில்லை. பிரைட்டின் நோய் கண்டவர்களையும் சோதித்தார். அவர்தம் குருதியிலும் யூரிக் அமிலம் இருந்தது. அதாவது, மூட்டுவலியே இல்லாத சிறுநீரக நோயாளரிடமும் அவ்வமிலம் தேங்கியிருந்தது. வழக்கின் இரு தரப்புச் சான்றுகளும் அன்றே, ஒரே மருத்துவரின் மேசைமீது இருந்தன எனலாம். ஆனால் பின்வந்தோர் பலர் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொண்டனர்.

ஈயம் தந்த பாடம்

கேரோடு மற்றொன்றையும் குறித்து வைத்தார். தம் மருத்துவமனைக்கு வந்த கவுட் நோயாளருள் நால்வரில் ஒருவரேனும் ஈயத்தோடு தொழில் செய்தவர். அவர்கள் வண்ணம் பூசுவோர், குழாய் பொருத்துவோர் முதலானோர். இக்குறிப்பின் முழுப்பொருள் விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

அதனை விளக்கியது ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலம். அங்குள்ள மரவீடுகளின் திண்ணைக் கம்பிகளுக்கு ஈயம் கலந்த வண்ணம் பூசப்பட்டிருந்தது. வெயிலில் அவ்வண்ணம் பொடியாக உதிர்ந்தது. கம்பியைப் பிடித்து விளையாடிய குழந்தைகள் கையை வாயில் வைத்தபோது ஈயமும் உள்ளே சென்றது. பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் இவ்வண்ணமே நஞ்சின் மூலம் என்று சுட்டிக்காட்டினார். அக்குழந்தைகள் வளர்ந்து ஆளானபோது அவர்களுள் பலர் சிறுநீரகம் சுருங்கி இளவயதிலேயே இறந்தனர். உயிரோடு இருந்தோருள் பலருக்குக் கவுட் நோயும் கண்டது. அதே நகரின் மருத்துவர் பிரையன் எமர்சன் 1960களில் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தார்.

இங்கு நிகழ்ச்சிகளின் வரிசை ஐயத்திற்கு இடமின்றித் தெரிகின்றது. முதலில் வந்தது ஈயம். அது சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. பழுதான சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றத் தவறியது. இறுதியில் வந்தது மூட்டுவலி. கடைசியில் வந்ததை முதலில் கண்டவர் அதுவே காரணம் என்று எண்ணியிருப்பர். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயையும் அந்நோய் தோன்றிய முதலையும் தனித்தனியே ஆய்ந்தறிய வேண்டும் என்று மருத்துவனுக்குக் கற்பிக்கின்றது. தமிழ் மாணவர் பள்ளியில் கற்கும் அந்நெறிக்குக் குவீன்சுலாந்தின் திண்ணைகளைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

பருப்பின் மீது விழுந்த பழி

1892இல் இலண்டன் மருத்துவர் அலெக்சாண்டர் ஹெய்க், யூரிக் அமிலமே நோய்கள் பலவற்றிற்குக் காரணம் என்று ஒரு நூல் எழுதினார். தலைவலி, வலிப்பு, மனச்சோர்வு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய் என அவர் அவ்வமிலத்தின்மேல் சுமத்தாத குற்றம் சிலவே. அந்நூல் பல பதிப்புகள் கண்டது. அதற்கு மருந்தாக அவர் ஓர் உணவுமுறையும் வகுத்தார். இறைச்சியோடு தேநீர், காப்பி, பருப்பு வகைகள் ஆகியனவும் அதில் விலக்கப்பட்டன. ஹெய்க்கின் கொள்கையைப் பிற்கால மருத்துவம் கைவிட்டுவிட்டது. ஆயினும் பருப்பின்மேல் அன்று விழுந்தது போன்ற பழி இன்றும் பல சமையலறைகளில் நீங்கியபாடில்லை.

இப்பழி உண்மையா என்பதை அமெரிக்க ஆய்வொன்று சோதித்தது. மருத்துவர் ஹியான் சோய் முதலியோர் 47,150 ஆண்களின் உணவுப் பழக்கத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து குறித்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். அக்காலத்தில் 730 பேருக்குப் புதிதாகக் கவுட் கண்டது. இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோர்க்கு நோய் மிகுந்தது. பால், தயிர் முதலியவற்றை உண்டோர்க்குக் குறைந்தது. பியூரின் மிகுந்த காய்கறிகளாலும் பயறு வகைகளாலும் நோய் மிகவில்லை. அவர்களே பின்னர் வெளியிட்ட ஆய்வுகளில் பீர் முதலான மதுவும், சர்க்கரை மிகுந்த பானங்களும் நோயைக் கூட்டுவன என்று தெரிந்தது.

இதனைப் பண்டார் பாரு மக்களின் உணவோடு பொருத்திப் பார்த்தல் தகும். பருப்புச் சாம்பாரும் முருங்கைக்கீரையும் விலக்கப்படுகின்றன. கட்டிப்பால் கலந்த இனிப்புத் தேநீர் நாளுக்கு மூன்று முறை தொடர்கின்றது; வண்ணவண்ணப் புட்டிகளில் வரும் குளிர்பானமும் தொடர்கின்றது; மாலையில் மதுவும் சிலரிடம் தொடர்கின்றது. சிறுநீரக நோய் முற்றியவர்க்குப் புரதத்தின் அளவையும் பொட்டாசியத்தின் அளவையும் மருத்துவர் வரையறுப்பது உண்டு. அது வேறு காரணம் பற்றியது. எனினும், தாளில் ஒரு வரியைக் கண்டு ஏழை வீட்டின் மலிவான புரத உணவைத் துறப்பதற்கு மருத்துவம் சான்று தரவில்லை.

மருந்தும் மறுவிசாரணையும்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு புதிய வேகம் பெற்றது. 1912, 1913ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆட்டோ ஃபோலின் குழுவினர், குருதியிலுள்ள யூரிக் அமிலத்தை நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் முறையைக் கண்டனர். நூலிழைச் சோதனை முடிவுற்று, எண்ணின் காலம் பிறந்தது. 1960இல் டால்பாட், டெர்ப்லான் என்னும் இருவர், இறந்த கவுட் நோயாளரின் உடல்களை ஆராய்ந்து, ஏறக்குறைய அனைவரின் சிறுநீரகத்திலும் மாற்றங்கள் இருந்தன என்று அறிவித்தனர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்றே பலரும் கருதினர்.

அவ்வேளையில் மருந்தும் வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூடு எலியன் ஆகிய இருவர் இரத்தப் புற்றுநோய் மருந்தொன்றின் ஆற்றலைக் கூட்ட முயன்றபோது அல்லோபியூரினால் என்னும் பொருளை ஆராய்ந்தனர். அது யூரிக் அமிலம் உண்டாவதையே தடுத்தது. 1966இல் அம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருந்தாக்கத்திற்கு அவ்விருவரும் ஆற்றிய பணிக்காக 1988இல், ஜேம்ஸ் பிளாக் என்பாருடன் சேர்த்து, நோபல் பரிசு வழங்கப்பட்டது. கவுட் நோயாளருக்கு அம்மருந்து பெரும் விடுதலையாக அமைந்தது.

கவுட் இல்லாதவர்க்கும் சிறுநீரகத்தைக் காக்கவென்று அதனைக் கொடுக்கலாமா என்ற வினா எழுந்தது. 1975இல் நியூயார்க் நகரின் பெர்கர், யூ ஆகியோர் 524 கவுட் நோயாளரை ஆராய்ந்து, அவருட் பலரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, யூரிக் அமில மிகுதி மட்டுமே சிறுநீரகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை என்றனர். முதுமையும் இரத்தக் கொதிப்பும் உடன் இருந்த பிற நோய்களுமே கேட்டிற்குக் காரணம் என்று தோன்றியது. வழக்கு தள்ளுபடியானது போல் ஒரு கால் நூற்றாண்டு அமைதி நிலவியது.

2001இல் அமெரிக்காவில் மசாலி, ஜான்சன் முதலியோர் எலிகளின் உடலில் யூரிக் அமிலத்தைச் சற்றே கூட்டினர். பளிங்குத் துகள் எதுவும் படியாமலேயே எலிகளுக்கு இரத்தக் கொதிப்பு கண்டது; சிறுநீரகக் குழாய்களும் தடித்தன. அல்லோபியூரினால் கொடுத்தபோது அக்கேடு தடுக்கப்பட்டது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் 48,177 பேரைத் தொடர்ந்து கவனித்த இசெக்கி குழுவினர், யூரிக் அமிலம் மிகுந்த பெண்களுக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு மிகுதி என்று 2004இல் அறிவித்தனர். 2006இல் ஹாங்காங்கில் 54 சிறுநீரக நோயாளரைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வொன்று, அல்லோபியூரினால் உண்டோர்க்கு நோய் மெதுவாகவே முற்றியது என்றது. உலகெங்கும் நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. தாளில் அவ்வரியைக் கண்டு மருந்து எழுதும் வழக்கமும் பல நாடுகளில் பரவியது.

தீர்ப்பு

மனிதரைக் கவனித்து மட்டும் கண்ட ஆய்வுகளில் ஒரு குறை உண்டு. தட்டான்பூச்சிகள் தாழப் பறந்தால் மழை வரும் என்பது நாட்டுப்புற அறிவு. தட்டான் பறப்பதும் மழை வருவதும் ஒன்றையொன்று தொடர்வது உண்மையே. அதற்காகத் தட்டான்களையெல்லாம் பிடித்து அடைத்துவிட்டால் மழை நின்றுவிடாது. காற்றிலுள்ள ஈரம் இரண்டிற்கும் பொதுவான காரணம். அதுபோலவே சிறுநீரகம் மெல்லப் பழுதாகும்போது, கிரியேட்டினின் உயர்வதற்கு முன்பே யூரிக் அமிலம் உயரலாம். இரத்தக் கொதிப்புக்காகத் தரப்படும் சில சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகளும் அதனை உயர்த்தும். உடற்பருமனும் நீரிழிவின் தொடக்கமும் உயர்த்தும். எனவே, அவ்வமிலம் மிகுந்தவர்க்குப் பின்னாளில் சிறுநீரகம் கெடுவது காரணத்தையும் காட்டலாம்; வெறும் அறிகுறியையும் காட்டலாம்.

இவ்விரண்டையும் பிரிக்க ஒரே வழி, அமிலத்தை மட்டும் குறைத்துப் பார்ப்பது. நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மறு பிரிவினர்க்கு மருந்தற்ற மாத்திரையும் தந்து, எவருக்கு எது என்பதை மருத்துவரும் நோயாளரும் அறியாவண்ணம் ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும். முதலில் ஜப்பானில் 440க்கு மேற்பட்ட நோயாளரிடம் ஃபெபுக்சோஸ்டாட் என்னும் மருந்து இவ்வாறு சோதிக்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவு, சிறுநீரகத்தின் வீழ்ச்சி குறையவில்லை என்றது.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரே மருத்துவ இதழில் இரு பெரும் ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கவுட் இல்லாத 369 சிறுநீரக நோயாளரிடம் ஈராண்டுகள் நடந்தது. அல்லோபியூரினால் உண்டோர்க்கு யூரிக் அமிலம் நன்கு குறைந்தது. ஆயினும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், மருந்துண்டோர்க்கு ஆண்டுக்கு 3.33 அலகும், உண்ணாதோர்க்கு 3.23 அலகும் குறைந்தது. இரண்டிற்கும் வேறுபாடே இல்லை எனலாம். மற்றோர் ஆய்வு முதல்வகை நீரிழிவு கொண்ட 530 பேரிடம் மூவாண்டுகள் நடந்தது. அதன் முடிவும் அவ்வாறே அமைந்தது. பிறப்பிலேயே யூரிக் அமிலத்தை மிகுவிக்கும் மரபணுக்கள் கொண்டோரை ஆராய்ந்து 2019இல் வெளியான மற்றோர் ஆய்வும், அவர்க்குச் சிறுநீரகம் அதனால் கெட்டதாகக் காணவில்லை.

2024இல் உலகச் சிறுநீரக வல்லுநர் குழு வெளியிட்ட வழிகாட்டி, மூட்டுவலி முதலான அறிகுறி இல்லாதவர்க்குச் சிறுநீரக நோயின் போக்கைத் தடுக்கவென்று யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைத் தர வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. கேரோடு கண்ட அமிலம், சிறுநீரக நோயைப் பொறுத்தவரை, பெரும்பாலும் சாட்சியே என்பதே இன்றைய அறிவு.

தீர்ப்பின் எல்லை

இத்தீர்ப்பைப் பிழையாகப் பொருள்கொள்வதும் தீங்கு பயக்கும். கவுட் நோய் உண்மையில் கண்டவர்க்கு யூரிக் அமிலம் குற்றவாளியே. மூட்டில் பளிங்குத் துகள் படிந்து, இரவோடிரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை படுவதைக் கூடப் பொறுக்க இயலாத வலி மீண்டும் மீண்டும் வருவோரும், மூட்டுகளில் வெண்கட்டி கண்டோரும், யூரிக் அமிலக் கல் உடையோரும் மருத்துவர் தரும் மருந்தை விடாது உண்ண வேண்டியவர்களே. மலேசியச் சுகாதார அமைச்சும் கவுட் நோய்க்கெனத் தனி வழிகாட்டியை வெளியிட்டுள்ளது. அதன் இரண்டாம் பதிப்பு 2021இல் வந்தது.

அதே வேளையில், தேவையற்றவர்க்கு அல்லோபியூரினால் தருவது தீங்கற்ற செயலன்று. சிலருக்கு அம்மருந்தால் தோல் வெந்து உரிவது போன்ற, உயிருக்கே ஊறு செய்யும் ஒவ்வாமை நேரும். 2005இல் தைவானில் அத்தகைய கடும் ஒவ்வாமை கண்ட 51 பேரைச் சோதித்தபோது, 51 பேரிடமும் ஒரு குறிப்பிட்ட மரபணு இருந்தது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இவ்விடர் மேலும் மிகுதி. ஆதலின் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவது மருத்துவ நெறி. அண்டை வீட்டார் உண்ணும் மாத்திரையை வாங்கி உண்பது எந்நெறியும் அன்று.

கிரியான் கரையில்

அவ்வாறாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் உண்மைக் குற்றவாளி யார்? மலேசியாவின் புள்ளிவிவரங்கள் இதற்கு விடை கூறுகின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு. இந்தியருள் அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். நாட்டில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் புதிதாக வருவோருள் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவே. அதற்கு அடுத்த நிலையில் இரத்தக் கொதிப்பு உள்ளது. 2018இல் நடந்த ஆய்வொன்று, வயதுவந்தோருள் 15.48 விழுக்காட்டினர்க்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டது. அந்நோய் தமக்கு இருப்பதை அறிந்திருந்தோர் அவர்களுள் 5 விழுக்காட்டினரே. எஞ்சியோர் அறியாமலேயே பணிக்குச் சென்று வந்தனர். தொடக்க நிலையில் இந்நோய்க்கு வலியில்லை என்பதே அதன் கொடுமை.

இத்துடன் வேறொரு கேடும் சேர்கின்றது. மூட்டுவலி வந்தவுடன் கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்குவதும், வலி ஊசி கேட்டுப் போட்டுக்கொள்வதும் தோட்டப்புறங்களில் நெடுநாளைய பழக்கம். டைக்லோஃபினாக் முதலான வலிநிவாரணிகளை நோயுற்ற சிறுநீரகம் தாங்காது. பதிவு செய்யப்படாத மூலிகை மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. யூரிக் அமிலத்திற்கு அஞ்சி மூட்டுவலிக்கு மருந்து தேடும் ஒருவர், அத்தேடலாலேயே சிறுநீரகத்தை இழக்க நேரலாம். சாட்சியைத் துரத்திச் சென்று குற்றவாளிக்குக் கதவைத் திறந்துவிட்ட கதையாக அது முடிகின்றது.

இதற்கு மாற்றுவழி ஒன்றைத் தமிழகம் காட்டியுள்ளது. சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, 1990களின் பிற்பகுதியில், சிறுநீரக உதவி அறக்கட்டளையின் மூலம் சென்னைக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்றனர். சிறுநீரில் புரதம் உள்ளதா, சர்க்கரை உள்ளதா என்று எளிய மருந்துநீர் கொண்டு சோதித்தனர். இரத்த அழுத்தத்தை அளந்தனர். நோய் கண்டவர்க்கு விலை குறைந்த பழைய மருந்துகளே தரப்பட்டன. இத்திட்டத்தின் பட்டறிவு 2003இல் உலகச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளிவந்தது. ஊழியர்கள் வீடுவீடாகத் தேடியவை மூன்றே: புரதம், சர்க்கரை, இரத்த அழுத்தம். யூரிக் அமிலம் அப்பட்டியலில் இல்லை. செலவு மிகுந்த இரத்தச் சுத்திகரிப்பை எல்லார்க்கும் வழங்க இயலாத நாட்டில், அந்நிலைக்கு மக்கள் வந்து சேராமல் காப்பதே அறிவு என்று அம்மருத்துவர் கருதினார்.

அம்மூன்று சோதனைகளும் இன்று மலேசியாவின் அரசு மருந்தகங்களில் மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. நீரிழிவையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்கும் மருந்துகளும் கிடைக்கின்றன. 2019 முதல் வெளிவந்த பெரும் ஆய்வுகள், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகள் சிறுநீரக நோயின் வேகத்தைத் தணிப்பதை உறுதிசெய்துள்ளன. அம்மாத்திரைகளை உண்போர்க்கு யூரிக் அமிலமும் சற்றுக் குறைகின்றது. நோய்முதலை நாடி மருந்து செய்தால், சாட்சி தானே அடங்கி நிற்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கிரியான் ஆற்றைக் கடந்து வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடப்பவர்களின் கையில் பழைய பரிசோதனைத் தாள்கள் பல இருக்கும். அவற்றைப் புரட்டிப் பார்த்தால் சர்க்கரை என்னும் வரியும் சிறுநீர்ப் புரதம் என்னும் வரியும் பத்தாண்டுகளுக்கு முன்பே உண்மையைச் சொல்லியிருப்பதைக் காணலாம். தோட்டங்களில் எழுத்தறியாத பெற்றோர்க்கு ஊர்க் கடிதங்களைப் படித்துக் காட்டியவர்கள் தமிழ்ப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள். இன்று அப்பிள்ளைகளின் பிள்ளைகள் வீட்டிலுள்ள முதியவர்க்கு அத்தாளைப் படித்துக் காட்ட வேண்டிய காலம். படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய வரிகள் எவை என்பதை அவர்கள் அறிந்திருந்தால், ஒரு சிறுநீரகமேனும் காக்கப்படும். அந்த வீட்டில் சாம்பாரும் மீண்டும் அடுப்பேறும்.